நேர்முகத்துக்குக் கட்டிய பட்டுச்சேலை

தம்பி,

நீ காரைக் கிளப்பிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. இன்னும் விடவில்லை. உன் அப்பா முன்னறையில் சாய்வு நாற்காலியில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறார். நான் சாப்பாட்டு மேசையில், நீ சாப்பிட்டு எழுந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் பண்ணிச் சொல்லலாம்தான். சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்திடம் அப்படித் தப்பிக்க முடியாது பார், அதனால்தான்.

மத்தியானம் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே நீ ஒரு கதை சொன்னாய். பாரிட் புந்தாரில் உங்கள் தொழிற்சாலையில் ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற நேர்முகத்தில் முதல் தடவையாக உன்னையும் உட்கார வைத்தார்களாம். ஏதோ உள் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாளாம். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். வெளியே வேனில் அவள் குடும்பமே காத்திருந்ததாம். கூட உட்கார்ந்திருந்தவர்கள் "என்ன இது?" என்று உன்னைப் பார்த்தார்களாம். அந்த அறையில் தமிழ் ஆள் நீ ஒருவன்தானே. "நம்மளை மாப்பிள்ளை வீடுன்னு நெனச்சுக்கிட்டா போல" என்று நீ ஆங்கிலத்தில் எடுத்துவிட, எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்களாம். "மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. கேட்டதுக்குப் பதிலும் சொன்னா. ஆனா அந்தக் கோலத்தைப் பாத்துட்டு எப்படிலா ஆபீஸ்ல வைக்கிறது? வர்ற திங்கக்கிழமை முடிவு பண்ணணும், அவ பேரை அடிச்சிருவோம்" என்றாய். அப்புறம் கை கழுவிக்கொண்டே, "இனிமே நான் கேள்வி கேக்குற ஆளும்மா. எது போட்டா எடுப்பா இருக்கும்? நல்ல சட்டையா நாலு எடுத்து வை" என்றாய்.

நீ கவனித்திருக்க மாட்டாய். எதற்கெடுத்தாலும் வீடு அதிரச் சிரிக்கிற உன் அப்பா அப்போது ஒரு சத்தமும் போடவில்லை. தட்டிலிருந்த மீனை முள் வேறு சதை வேறாகப் பிரித்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவே இல்லை. நான் ரசம் எடுக்கப் போகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். இன்றைக்கு நம் வீட்டில் ரசமே வைக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியவில்லை. ஏன் இவர்கள் இருவரும் இப்படி இருந்தார்கள் என்று கேட்டால், நீ பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு காலைப் பொழுதைச் சொல்ல வேண்டும். அது எனக்கே இப்போது கனவில் நடந்தது மாதிரித்தான் இருக்கிறது. நடந்ததா என்று சந்தேகம் வந்தால் பீரோவைத் திறந்து அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். பத்து காஜா டவுனுக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம். தாத்தாவும் பாட்டியும் பால் மரம் வெட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு, பத்து காஜா டவுனில் ஒரு மாடியில் டைப் அடிக்கப் படித்துவிட்டு, தோட்டத் தொழிலாளர் வரிசையில், எங்கள் லயத்து வீட்டில், சும்மா இருந்தேன். அப்போது அத்தை, அதுதான் தாத்தாவின் அக்கா, ஒரு சம்பந்தம் கொண்டு வந்தாள். பாரிட் புந்தாரில் நெல் மில்லில் வேலை பார்க்கிறவர், மனைவி இல்லை, பிள்ளைகள் உண்டு. என் வயதையும் அவர் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் தம்பதி என்று சொல்ல மாட்டார்கள். நான் அழுதேன். அந்த அழுகை நடுவில்தான் ஈப்போவிலுள்ள ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்து டைப்பிஸ்ட் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை நேர்முகம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். தாத்தா திண்டாடிப்போய் ஒரு முடிவு சொன்னார். "வேலை கிடைச்சிருச்சுன்னா அவங்களை வர வேணாம்னு சொல்லிருவோம். கிடைக்கலேன்னா நீ வாயைத் தொறக்கக்கூடாது, சரியா?" நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

இப்போது சட்டை விஷயத்துக்கு வருகிறேன். நேர்முகத்துக்கு என்ன உடுத்துவது என்று எங்கள் லயத்தில் யாருக்குத் தெரியும்? தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி மகள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு போனதாக ஒருத்தி சொன்னாள், முழங்கால் தெரியவா என்று இன்னொருத்தி வாயைப் பொத்தினாள். பாட்டி வெள்ளை நூல் சேலை போதும் என்றாள். அத்தைதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நாலு பெரிய மனுசங்க வரிசையா உக்காந்துக்கிட்டு, ஒரு பொண்ணை முன்னால நிக்க வச்சு, பேரென்னா ஊரென்னா என்னா படிச்சிருக்கேன்னு கேக்குறாங்கன்னா, அதுக்குப் பேரு என்னா?" அவள் சொன்னதில் என்ன தப்பு சொல்ல முடியும்? அந்நியர்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணை ஏற இறங்கப் பார்க்கிற காரியம் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதற்கு எப்படி உடுத்துவது என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஈப்போ ஜவுளிக்கடையில் எடுத்து வைத்திருந்த மயில்கழுத்துப் பட்டை வெள்ளிக்கிழமைக்கே பிரித்தாள் அத்தை.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் என்னைச் சோடித்து முடித்துவிட்டார்கள். வேலிப் பக்கத்து மல்லிகை முழுதும் என் தலையில் இருந்தது. அத்தை தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி, சோப்பு போட்டு, என் கையில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே பாடம் சொன்னாள். நிமிர்ந்து பார்க்காதே. கேட்டால் மட்டும் பேசு. உள்ளே நுழைந்ததும் பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடு. தாத்தாவுக்கு ஒரே ஒரு கவலைதான். "முறைப்படி அவங்கதானே நம்ம வீட்டுக்கு வரணும்? நாமளே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். "கம்பெனியைத் தூக்கிக்கிட்டு லயத்துக்கு வருவானா? பேசாம வாலா" என்று அத்தை அவரை அடக்கினாள்.

அந்தப் பஸ் பயணத்தை நினைத்தால் இப்போதும் கண் செருகுகிறது, தம்பி. மாசி மாதம். ரப்பர் மரங்கள் சிவந்து இலை கொட்டுகிற நேரம். வெள்ளைப் பனி தரையோடு கிடந்தது, அதற்குள் சிவப்பு இலைகள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். பஸ் திரும்பும்போதெல்லாம் என் மடியில் சேலை பச்சையாகும், நீலமாகும், மறுபடி பச்சையாகும். ஈப்போ மலைகள் அடிவாரம் தெரியாமல் பனிக்கு மேலே மிதந்து வந்தன. கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் எங்கேம்மா?" என்று கேட்டான். நான் எங்கோ போகிறேன், ஆனால் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை என்பதுபோல இருந்தது. பாரிட் புந்தாரா, ஈப்போவா? இறங்குகிற இடம் வரவே கூடாது, இப்படியே பனிக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தொழிற்சாலை வாசலிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் வேகிற வாசனை. தாத்தா பாட்டி அத்தை மூவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் நிமிரவில்லை. அதனால் அந்த அறையில் முதலில் நான் பார்த்தது மேசைக்குக் கீழே இருந்த கால்களை மட்டும்தான். பளபளவென்று ஒரு கறுப்புச் சப்பாத்து, அது மேனேஜர், சீனப் பெரியவர். பாசிமணி தைத்த ஒரு செருப்பு, அது தலைமைக் கிராணியான மலாய்க்கார அம்மா, காக் ரோக்கியா, அதாவது ரோக்கியா அக்கா, என்று பின்னால் பழகிய பெயர். ஓரத்தில் மாவு அப்பிய ஒரு கான்வாஸ் சப்பாத்து. பெண்ணுக்குத் தமிழ் மட்டும்தான் தெரிந்திருந்தால் மொழிபெயர்க்க ஒருத்தர் வேண்டுமே என்று ஸ்டோரிலிருந்து கூப்பிட்டு வைத்திருந்த தமிழ்ப் பையன் அது. நான் கறுப்புச் சப்பாத்தை நோக்கிப் போய், முந்தானையை இழுத்துப் பிடித்து, சிமெண்டுத் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

நாற்காலி பின்னால் நகருகிற சத்தம். மேனேஜர் பாவம், பதறிக் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்து, "என்ன விழுந்துவிட்டது?" என்று மலாயில் கேட்டார். ஏதோ உருண்டு போய்விட்டது, தேடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் எழுந்து நின்றேன். அவர் ஓரத்திலிருந்த தமிழ்ப் பையனைப் பார்த்து, "இந்தப் பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியும். அந்த அறையில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவன் என்ன செய்தான் தெரியுமா? களுக்கென்று சிரித்தான். "உங்களை மாப்பிள்ளையோட அப்பான்னு நெனச்சுட்டா, சார்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் அடக்க முடியாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினான். வெளியே அவன் சிரித்த சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்டது. மேனேஜரும் சிரித்தார், சங்கடத்தோடு. போச்சு, எல்லாம் போச்சு, பாரிட் புந்தார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காக் ரோக்கியா சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது. தெரியாததனால் கேட்டாள். "தங்கச்சி, எதற்காக அப்படிக் கும்பிட்டாய்?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள். "நல்ல காரியம் தொடங்கும்போது பெரியவர்களிடம் ஆசி வாங்குவோம்" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். "ஓ, நாங்கள் பெரியவர்கள் கையை முத்தமிடுகிறோமே, அதுபோல" என்று மேனேஜரிடம் திரும்பிச் சொன்னாள். அவ்வளவுதான். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, என்னிடமும் உட்காரச் சொன்னார்.

டைப் அடிக்கச் சொன்னார்கள். அத்தையின் வளையல்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஜல் ஜல் என்று ஒலித்தன, பக்கத்து அறைக்காரர்களெல்லாம் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள். பூம்பூம் மாடு வந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ. காக் ரோக்கியா என்னை எழுப்பிக் கைகழுவுகிற இடத்துக்குக் கூட்டிப் போனாள். சோப்பு போட்டு, ஒன்றுகூட உடையாமல் வளையல்களைக் கழற்றித் தன் கைக்குட்டையில் முடிந்து வைத்தாள். முந்தானை மிஷினில் சிக்காமல் ஊக்கு குத்திவிட்டாள். "பூவையும் எடுத்துவிடட்டுமா?" என்று நானே கேட்டேன். "பூ எந்த எழுத்தையும் மறைக்கவில்லையே, இருக்கட்டும்" என்றாள். திரும்பி வந்து அடித்தேன் பார். விரல் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பிஸ்கட் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வந்தது, காகிதம் தானாக நகர்ந்துகொண்டே இருந்தது. அன்றைக்கே வேலை என்று சொல்லிவிட்டார்கள். வெளிப் பெஞ்சில் அத்தை, "பாத்தியா, பட்டு கட்டுனதாலதான்" என்று தாத்தாவின் தோளில் ஒரு அடி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

அந்தச் சிரித்த பையன் யார் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். முன்னறையில் பேப்பருக்கு அடியில் தூங்குகிற மாதிரி நடிக்கிறவர்தான்.

நெடுநாள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டோர் கணக்கை டைப் அடிக்கச் சொல்லிக் கொண்டு வருவார், நான் அந்த மாவுச் சப்பாத்தையே பார்த்துப் பேசுவேன். அவர் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வருவார், உடைந்த பிஸ்கட்டை டின்னில் போட்டு மேசையில் வைப்பார், நான் அதைக் காக் ரோக்கியாவிடம் தள்ளிவிடுவேன். கடைசியில் ஒரு நாள் தன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்குப் பெண் கேட்டு வந்துவிட்டார். அத்தை மயில்கழுத்துப் பட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கட்ட மாட்டேன் என்றேன். ஆபீசுக்குக் கட்டுகிற வாயில் சேலை, கையில் கடிகாரம், அதோடு போய் அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அத்தைக்கு மயக்கம் வராத குறைதான். நான் நிமிர்ந்து நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க?"

உன் அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பயந்துட்டேன். நானும் சிம்பாங் பூலாய்ப் பக்கம் தோட்டத்து ஆளுதான். ஆபீஸ்ல டவுன்காரன்னு சொல்லி வச்சிருந்தேன். நீ விழுந்து கும்பிட்டதும் எங்க அம்மாவையே பாத்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு அர்த்தம் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கள்ல? அதான், அவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி நான் சிரிச்சுட்டேன்." அவருடைய அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள், கண்டாங்கிச் சேலை, காலில் செருப்பில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய் அழுகைதான் வந்தது. அந்த அழுகையோடுதான் சம்மதம் சொன்னேன்.

இப்போது சொல், தம்பி. உனக்கு என்ன பயம்? நீ லயத்தில் பிறக்கவில்லை. எண்பதுகளில் நீ பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் தோட்டத்தையே கம்பெனிக்காரர்கள் விற்று, அங்கே வீடுகள் கட்டிவிட்டார்கள். நீ எந்த ஊர்க்காரன் என்று யாரும் உன்னைக் கேட்கப்போவதும் இல்லை. கூட இருந்தவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தெரியாது. நீ தெரிந்தவன். தெரியாதவர்கள் உன்னை நம்பித் திரும்பிப் பார்த்தார்கள், நீ அவர்களுக்கு ஒரு வேடிக்கையை எடுத்துக் கொடுத்தாய். எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்க மாட்டேன். நான் தப்பித்துப் போன அதே பாரிட் புந்தாரில் என் மகன் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தியைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறான். அவளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறதா என்று உனக்குத் தெரியுமா? வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட வேண்டும் என்று அவளுக்கு அந்த வேனில் யார் சொல்லியிருப்பார்கள்? அவள் வீட்டில் இருப்பதிலேயே நல்லதை உங்களுக்காகக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்காக நீ என்ன போட்டிருந்தாய்? அவள் உடுப்பை இவ்வளவு சொன்னாய், உன்னுடையதைச் சொல்லவே இல்லை.

நேர்முகத்துக்கு வருகிறவர்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று ஊரே புத்தி சொல்கிறது. உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். உன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். காலர் நைந்திருந்தது, திருப்பித் தைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதையும் பார்சலில் அனுப்புகிறேன், திங்கட்கிழமைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போ. கைப் பித்தானைப் போடு, மடித்துவிடாதே. யாராவது மனிதர் உன் முன்னால் வந்து நிற்கிறபோது உன் மரியாதையும் தெரியட்டும். அதற்கப்புறம் அவள் பேரை அடிப்பதா வேண்டாமா என்பது உன் பாடு. வேலைக்குத் தகுதி இல்லையென்றால் அடி, நான் கேட்க மாட்டேன். சேலைக்காக மட்டும் அடிக்காதே.

மழை குறைந்துவிட்டது. பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டுதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். மடிப்பில் கொஞ்சம் இற்றுப்போயிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அசைத்தால் இன்னும் பச்சையாகிறது, நீலமாகிறது, பஸ் இன்னும் பனிக்குள் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. உன் அப்பா எப்போது எழுந்து வந்தாரோ, என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார். பேனாவைக் கொடு என்கிறார். கொடுக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு.

அம்மா

தம்பி, அந்தப் பொண்ணு எந்தத் தோட்டம்னு கேட்டியா? திங்கட்கிழமை கேள். நாம எந்தத் தோட்டம்னும் அங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. அப்பா.